வெயில் காலத் தும்மல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எனக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். வீட்டில் எல்லாரும் புகைமூட்டத்தைத்தான் திட்டுவோம். போன வருடம் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைத் தொடக்கூட இல்லை.
"தும்மல் எப்போ வரும்?"
"காலையில எழுந்த உடனே, டாக்டர்."
"புகை காலையில மட்டும் உங்க ரூமுக்குள்ள வருதா? தலையணை வாங்கி எத்தனை வருஷமாச்சு?"
பக்கத்தில் என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கல்யாணத்துக்கு வாங்கிய தலையணை அது. பையன் இப்போது நான்காம் படிவம். தும்மலுக்குக் காரணம் அதற்குள் இருக்கும் தூசிப்பூச்சியாம். உதிரும் நம் தோலைத் தின்றே மெத்தைக்குள் வாழுமாம். நம் ஊர் ஈரப்பதம் அதற்கு வசதி.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, புகையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 2019 செப்டம்பரில் பினாங்கில் பள்ளிகளையே மூடினார்கள். எங்கள் மாடியில் நின்றால் கொம்தார் கோபுரம் தெரியும், அன்று காணோம். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். மாமியாரோ வாசல் அங்சானா மரத்தைக் காட்டி, "இதோட பூத்தூள்தான், கவுன்சிலுக்குப் போன் போட்டு வெட்டச் சொல்லு" என்கிறார். மரத்தில் ஒரு பூ இல்லை. புகையில் மரமே அரைகுறையாகத்தான் தெரிந்தது!

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்:
அக்கா, அங்சானாவுக்குத் தேனீக்கள்தான் மகரந்தம் சுமக்கின்றன. காற்றில் அதிகம் பறக்காது. மாமியாரிடம் சொல்லுங்கள்.
என் கதை சின்னது. எல்ஆர்டியில் தும்மினேன், பக்கத்தில் இருந்த பெண் எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். அவ்வளவுதான். ஆனால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். தலையணை உறை, விரிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் பூச்சி சாகாது. வீட்டு மெஷினில் வெந்நீர் வராதா? காசு போடும் டோபியில் டிரையரை நல்ல சூட்டில் ஓடவிடுங்கள். தும்மலுக்குக் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டுவிட்டு மோட்டார் ஓட்டாதீர்கள், தூக்கம் தள்ளும்; லொராட்டடின் மாத்திரையில் அது குறைவு. மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்பிரேயை நாள்கணக்கில் அடித்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு சங்கதி: தினமும் அடிக்க வேண்டும், பலன் தெரியச் சில நாள் ஆகும், அடிக்கும்போது ஸ்பிரேயின் நுனி மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது. உப்புநீரில் மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் எடுங்கள், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்துங்கள், வெளியே போனால் என்95 முகக்கவசம் போடுங்கள். நெஞ்சில் வீசிங் (இளைப்பு) வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

செந்தூல்வாசி:
ஐயா, யாரும் மருந்து கேட்கலையே! தலையணையைத் தூக்கிப் போட்டாச்சு. காலைத் தும்மல் பாதி குறைந்திருக்கு.

ஜெலுத்தோங் அக்கா:
பெரியவரே, தேனீக் கதையை மாமியாரிடம் சொன்னேன். "அப்போ தேனீயை விரட்டச் சொல்லு" என்கிறார்.