மறு: பேட்டரியை 80-இல் நிறுத்துவதற்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, ஆளுக்கொரு சொல் வந்து கிடக்கிறது. லேப்டாப் பேட்டரியை 100% வரை ஏற்றாமல் 80%-இல் நிறுத்தி வைக்கும் வசதி, லினக்ஸ் திரைமுகப்புகளில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவில் 2020 அக்டோபரில் வந்த 5.20 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. இன்னொரு முகப்பான கினோமில், 2025 மார்ச்சில் வந்த 48-ஆம் பதிப்பிலும் இருக்கிறது. தமிழாக்கம் செய்யும் நாம்தான் இன்னும் ஒரு பெயரில் வந்து நிற்கவில்லை. மன்னார்குடியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், கடைக்கு வருகிறவர்கள் பேசுவதை வைத்து என் பங்கைச் சொல்கிறேன்.

> 'மிகை மின்னேற்றத் தடுப்பு' என்று வைத்தால் யாருக்கும் சட்டெனப் புரியும்.

புரியும் அண்ணே, ஆனால் தப்பாகப் புரியும். இராத்திரி முழுக்கச் செருகியே கிடந்தாலும் லேப்டாப்பில் மிகையாக எதுவும் ஏறுவதில்லை. லித்தியம் அயனிக் கலம் 4.2 வோல்ட்டைத் தொட்டு (சில புதிய கலங்களில் 4.35, 4.4 வரை போகும்), உள்ளே போகும் மின்னோட்டம் அடங்கியதும் கட்டுப்பாட்டுச் சுற்று ஏற்றத்தை வெட்டிவிடும். அதற்கப்புறம் கணினி ஓடுவது அடாப்டரில். ஆக, கூடுதலாக ஏறிக் கெடுவதில்லை, நிறைந்த நிலையிலேயே கிடந்து கெடுகிறது. அந்த உச்ச மின்னழுத்தத்தில் நேர்முனைப் பொருள் மின்பகுளியோடு ஓயாமல் வினைபுரிந்துகொண்டிருக்கும். எதிர்முனைக் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். வெக்கை இரண்டையும் முடுக்கிவிடும்.

எவ்வளவு முடுக்கும் என்பதற்கு 'பேட்டரி யுனிவர்சிட்டி' தளத்தின் அட்டவணையைப் பார்க்கலாம். 25 பாகை வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்தால், 40% ஏற்றத்தில் வைத்த கலத்துக்கு 96% கொள்ளளவு மிஞ்சும், முழுதாக ஏற்றி வைத்ததற்கு 80%. அதே ஓராண்டு 40 பாகையில் என்றால் முறையே 85%, 65%. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசியில் மெத்தை மேல் வைத்து ஓட்டும் லேப்டாப்பின் அடிவயிறு எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் பேட்டரி வீங்கி, டச்பேட் மேலே எழும்பிய பிறகுதான் கடைக்குக் கொண்டுவருவார்கள். அப்போதும் 'ஓவர் சார்ஜ் ஆயிடுச்சுண்ணே' என்றுதான் சொல்வார்கள். இல்லாத ஒன்றுக்குத் தடுப்பு என்று நாமே பெயர் வைத்து அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்த வேண்டாம்.

> அப்படியானால் 'பேட்டரி நலம் பேணல்'? கினோமிலும் ஏறக்குறைய அந்தப் பொருளில்தானே இருக்கிறது?

ஆமாம் டீச்சர், விருப்பத்தேர்வின் பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும். லெனோவோ அதைச் சிக்கனப் பயன்முறை என்ற பொருளில் அழைக்கிறது, ஏசுஸ் ஆரோக்கிய ஏற்றம் என்ற பொருளில். அவை விற்பனைப் பெயர்கள், என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் நல்லது நடக்கும் என்று மட்டும் சொல்பவை. இதனால் வரும் தொல்லை எனக்கு நேரடியாகத் தெரியும். யாரோ அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டிருப்பார்கள். மறுநாள் போன் வரும்: 'அண்ணே, எம்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது, சார்ஜர் போயிடுச்சா?' சார்ஜரும் நன்றாக இருக்கும், பேட்டரியும் நன்றாக இருக்கும். எங்கே நிற்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லியிருந்தால் அந்த போன் வந்திருக்காது. எனக்கு வேண்டியது இதுதான்: 80 என்ற எண்ணைப் பார்க்கிறவருக்கு அது ஏன் 80 என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

> ஏரிக்குக் கலிங்கு மாதிரி, 'மின்கலிங்கு'!

சீர்காழித் தம்பிக்குக் கைதட்டல். அழகான சொல், எடுத்ததும் பிடித்தது. ஆனால் கலிங்கு மிஞ்சியதை வழியவிடும் இடம். இங்கே மிஞ்சவும் இல்லை, வழியவும் இல்லை. உள்ளே வருவதையே அடைக்கிறோம். அது மதகின் வேலை. 'மின்மதகு' என்றால் திறப்பும் அடைப்பும் இரண்டும் வந்துவிடும், எந்த அளவில் அடைப்பது என்பது மட்டும் வராது. நமக்கோ அந்த அளவுக்குத்தான் பெயர் வேண்டும்.

'வரம்பு' என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் வரம்பு என்றால் மீறக்கூடாத ஒன்று, மீறினால் ஏதோ ஆபத்து என்ற தொனி வந்துவிடுகிறது. 100 வரை ஏற்றினால் ஒன்றும் வெடித்துவிடாது, பேட்டரி கொஞ்சம் முந்தி மூப்படையும், அவ்வளவுதான்.

என் பரிந்துரை: ஏற்ற நிறுத்துமட்டம். சுருக்கமாக, நிறுத்துமட்டம்.

மட்டம் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். மேட்டூரின் நீர்மட்டம் இத்தனை அடி என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். நிறுத்து என்ற வினையில்தான் எனக்குக் கூடுதல் ஆசை. நகரத்துக் காதுக்கு நிறுத்து என்றால் ஓடுவதை ஓயவைப்பது மட்டும்தான். வயல்காரருக்கு இன்னொன்றும் உண்டு. நட்ட வயலில் தண்ணீரை 'நிறுத்துவது' என்றால், பாய்ந்தது போதும் என்று மடையை அடைத்து, இத்தனை அங்குலம் என்று தேக்கி வைத்திருப்பது. வேளாண்துறைக் கையேடுகளிலும் '5 செ.மீ. நீர் நிறுத்தவும்' என்பது போலத்தான் எழுதுவார்கள். நம் அமைப்பு செய்வதும் அந்த இரண்டையும்தான்: 80-இல் ஏற்றத்தை ஓயவைக்கிறது, அந்த மட்டத்திலேயே வைத்திருக்கிறது. இரண்டு பொருளும் ஒரே வினையில் அடங்கும்போது வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். நம் இடைமுகத்தில் 'நிறுத்து' என்பது கணினியை அணைக்கும் கட்டளைக்கும் வருகிறது. 'நிறுத்துமட்டம் 80%' என்று தனியாகப் பார்க்கிறவர், 80-க்கு வந்ததும் கணினி அணைந்துவிடும் என்று பயப்படலாம். அதனால்தான் அமைப்புப் பக்கத்தில் 'ஏற்ற' என்ற அடைமொழியைக் கட்டாயம் வைப்போம் என்கிறேன். குறுஞ்சொல்லை உதவிப் பக்கங்களில் மட்டும் புழங்கலாம்.

இதற்கு ஜோடியும் சுலபமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் கருவில் (இயங்குதளத்தின் மைய நிரலில்) இதற்கு இரண்டு அளவுகள் உண்டு, ஏற்றம் ஓயும் அளவு ஒன்று, மறுபடி தொடங்கும் அளவு ஒன்று. லெனோவோவின் திங்க்பேடு லேப்டாப்புகளில் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். தொடங்குமட்டம் 75, நிறுத்துமட்டம் 80 என்று வைத்தால், 78-க்கு இறங்கியதும் மறுபடி ஏற்றத் துடிக்காது, 75 வரை பொறுத்திருக்கும். எல்லாக் கணினியிலும் இந்த வசதி கிடையாது. சிலவற்றில் 60, 80, 100 என்று மூன்றே படி, சிலவற்றில் ஒரே பொத்தான்.

> மின்னூட்டம் என்பதே சரி, மின்னேற்றம் தவறு.

இதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். நம் பாடநூலில் 'கூலும்' என்ற அலகில் அளப்பது மின்னூட்டம், கலத்தில் ஏற்றுவது மின்னேற்றம். இலங்கைப் பாடநூல்களில் கூலும் கணக்குக்கே ஏற்றம் என்றுதான் வரும், அங்கிருந்து வாசிப்பவர்களுக்கும் 'ஏற்ற நிறுத்துமட்டம்' இடராது. பேச்சில் நாம் எல்லாருமே 'சார்ஜ் ஏறுது' என்கிறோம், 'ஊட்டுது' என்று யாரும் சொல்வதில்லை. பேட்டரி? மின்கல அடுக்கு என்பது துல்லியம், லேப்டாப் பேட்டரிக்குள் பல கலங்கள் இருப்பதால். ஆனாலும் நம் சொற்பட்டியலில் 'பேட்டரி' என்றே விடுவோம். இதற்காக யாராவது என்னோடு சண்டை போட விரும்பினால் தனிமடலில் வரவும்.

உதவிப் பக்கத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் தேவை, அதை நானே எழுதித் தருகிறேன். வீட்டு இன்வெர்ட்டரின் ஈய அமிலப் பேட்டரி நிறைந்தே இருக்க வேண்டும், அரைகுறையாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெடும். அந்தப் பாடத்தை லேப்டாப்புக்கும் எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. இன்னொரு கூட்டம் பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கத்தில் மாதம் ஒருமுறை பூஜ்ஜியம் வரை இறக்குகிறது. லித்தியத்துக்கு இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் செருகியே வைத்திருப்பவர் நிறுத்துமட்டத்தை 80-இலோ 60-இலோ வைத்துவிட்டு, காற்று போகும் வழியைத் துணியோ தலையணையோ அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நாள்கணக்கில் தொடமாட்டோம் என்றால் பாதியளவு ஏற்றத்தில் அணைத்து வைக்கலாம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது, அது நம் பக்கத்துக்காரர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதும் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி எச்சரிக்கை வரும் அன்றைக்கு 80-இல் நிறுத்தி வைத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல, முந்தின இரவே 100-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான பொத்தானுக்கு ஐப்பசி கார்த்திகையில் வேலை வரும். நிறுத்துமட்டத்தைக் கலைக்காமல் ஒரே ஒரு முறை முழுக்க ஏற்றச் சொல்லும் கட்டளை சில கருவிகளில் இருக்கிறது. 'இம்முறை மட்டும் முழு ஏற்றம்' என்பது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பொத்தானுக்குள் அடங்காத நீளம். 'ஒருமுறை நிரப்பு' என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். நிரப்புவது என்றதும் கோப்பைகளும் படிவங்களும்தான் நினைவுக்கு வருகின்றன, அதனால் மனம் முழுதாக ஒப்பவில்லை.

இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள். திங்கள்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பினை மேலேற்ற வேண்டும்.