இறந்த பிறகு ரத்தத்தில் மது உருவாகுமா?

வைகைக்கரை:
என் சித்தப்பா மதுவைத் தொட்டதே இல்லை. சித்திரை வெயிலில் கிணற்றில் விழுந்தவரின் உடல் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 45 மில்லிகிராம் மது என்கிறது ஆய்வக அறிக்கை. காப்பீட்டுப் பணம் தர மறுக்கிறார்கள். இது எப்படி?

பழைய ஆய்வகன்:
நடக்கக்கூடியதுதான் தம்பி. அழுகும் உடலில் நுண்ணுயிரிகள் சர்க்கரையை நொதிக்கவைத்து எத்தனாலை, அதாவது மதுவில் இருக்கும் அதே ஆல்கஹாலை, உண்டாக்கும். வெயிலில் இன்னும் வேகமாக. இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் ஆக்குவது பெரிய அநியாயம். ரத்தம் தொடைச் சிரையில் எடுத்ததா, இதயத்திலா? குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட்டார்களா? போடாவிட்டால் குப்பிக்குள்ளும் நொதித்தல் தொடரும். விழிநீர் எடுத்தார்களா? கண்ணீர் இல்லை தம்பி, கண் உருண்டைக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவம். அங்கே கிருமிகள் எளிதில் நுழையாது. குடித்துச் சற்று நேரம் கழித்து இறந்தவருக்கு, ரத்தத்தைவிட விழிநீரில் ஏறத்தாழ 1.2 மடங்கு மது இருக்கும். ரத்தத்தில் இருந்து விழிநீரில் இல்லையென்றால், அழுகலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வைகைக்கரை:
விழிநீர் எடுக்கவில்லை ஐயா. சிறுநீர் எடுத்திருக்கிறார்கள்.

மருந்தியல் மாணவி:
அப்படியானால் அதில் எத்தில் குளுகுரோனைடு பார்க்கச் சொல்லுங்கள், அண்ணா. குடித்த மதுவை உடல் மாற்றும்போது உண்டாகும் பொருள் அது; அழுகலால் பொதுவாக உருவாகாது.

பழைய ஆய்வகன்:
சரியான யோசனை. மிச்ச மாதிரியை அழிக்கக் கூடாது என்று இன்றே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.