மட் டயர் போட்ட ஜிம்னி, 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் ஆடுகிறது

கோவை_ஜிம்னி:
போன மாதம் என் மாருதி ஜிம்னியில் கம்பெனி டயரை (195/80 ஆர்15) கழற்றிவிட்டு 215/75 ஆர்15 மட் டயர் போட்டேன். அன்றே பேலன்ஸிங்கும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்க ரிம்மில் சின்ன வெயிட் ஒட்டுவது) செய்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புச் சேற்றில் இறங்கி ஏறினோம், காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கியிருந்தேன். திரும்பும்போது காற்று ஏற்றிக்கொண்டுதான் பைபாஸுக்கு வந்தேன், ஆனால் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. 60-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. டயர் கடையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கவா?

பழைய_ஜீப்:
வேண்டாம் தம்பி. அலைன்மென்ட் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் முதல் சந்தேகம் பேலன்ஸ்தான். வண்டிக்கு அடியில் படுத்து ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள், சேறு காய்ந்து அப்பியிருக்கும். 50 கிராம் சேறு என்ன செய்துவிடும் என்று தோன்றும். உங்கள் டயர் அளவுக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அந்த 50 கிராம் அப்போது கிட்டத்தட்ட 5 கிலோ விசையோடு ரிம்மை வெளியே இழுக்கும். பாதி வேகத்தில் அதுவே கால் பங்காகிவிடும், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது தெரிவதில்லை. சுரண்டும்போது பேலன்ஸிங்குக்கு ஒட்டிய வெயிட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடாதீர்கள், நான் பெயர்த்திருக்கிறேன்.

சேறும்_சகதியும்:
அண்ணன் சொன்னது சரி, கூடவே ஒன்று. 15 பிஎஸ்ஐயில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறினால் ரிம் மட்டும் கொஞ்சம் சுற்றி டயர் அப்படியே நின்றுவிடும். அப்புறம் வெயிட் ஓரிடம், டயரின் கனமான பக்கம் வேறிடம். பழைய பேலன்ஸிங் வீண். அடுத்த முறை இறங்குவதற்கு முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், நகர்ந்தால் தெரிந்துவிடும்.

மறுபடி பேலன்ஸ் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஜிம்னி ரிம்மின் நடு ஓட்டை 108 மிமீ, கார் ரிம்முக்கு வைக்கும் சின்ன கோனை (மெஷினில் சக்கரத்தை நடுவில் பிடிக்கும் கூம்பு) மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது, மெஷின் பூஜ்யம் காட்டினாலும் ரோட்டில் ஆடும். ஒரே சக்கரம் 100 கிராமுக்கு மேல் கேட்டால் வெயிட்டை அடுக்கிக்கொண்டே போகாமல், டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முனகுவார்.

மலைப்பாதை:
டயருக்குள் பிளாஸ்டிக் மணி போட்டால் தானாகவே பேலன்ஸ் ஆகுமாமே?

பழைய_ஜீப்:
சிலர் போடுகிறார்கள். உள்ளே ஈரம் இருந்தால் கட்டி தட்டும், காற்று இறக்கும்போது வால்வில் வந்து மாட்டும். வாரம் ஒருமுறை காற்று இறக்கி ஏற்றுகிற நமக்கு அது தேவையில்லாத தலைவலி.

கோவை தம்பி, இன்னொன்று கவனியுங்கள். பள்ளத்தில் விழுந்ததும் ஆட ஆரம்பித்து, வண்டியை நன்றாக மெதுவாக்கும் வரை நிற்காமல் ஆடினால் அது வேறு வியாதி. ஜிம்னிக்கு முன்னாலும் முழு ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு), கிங்பின் பேரிங்கில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள பேரிங்) ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோவை_ஜிம்னி:
பார்த்துவிட்டேன். முன் இடது ரிம்முக்குள் ஒரு கை நிறைய மண், செங்கல் மாதிரி இறுகியிருந்தது. கழுவியதும் பாதி நடுக்கம் போய்விட்டது. மீதிக்குக் கடையில் பெரிய கோன் போடச் சொன்னேன். வலது சக்கரம் 130 கிராம் கேட்டது, திருப்பிப் போட்டதும் 45-க்கு வந்தது. நேற்று அவினாசி ரோட்டில் 95 வரை பார்த்தேன், ஆடவில்லை. கடைக்காரர் முனகினார்தான்.