டஸ்கனியா, பழைய ரயில் பாதையா? சைக்கிள்ல போக எது நல்லது?

தலவாக்கலை பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா கல்யாணம் கட்டி இத்தாலியில வெரோனா பக்கம் இருக்கா. விசா கிடைச்சா செப்டம்பர் கடைசியில போய் கொஞ்ச நாள் நிக்கலாம்னு இருக்கேன். அதுல ஒரு வாரம் சைக்கிள் மிதிக்க ஆசை. மச்சான் டஸ்கனிக்குப் போகச் சொல்றார். சியெனா, மொந்தல்சீனோ, வெள்ளை கிரவல் ரோடு, போட்டோவைப் பார்த்தா யாருக்கும் போகத் தோணும். இத்தாலி எல்லையில இருக்கிற ட்ரியெஸ்தேயில இருந்து குரோஷியாவுக்குப் பழைய ரயில் பாதை ஒண்ணு சைக்கிள் ரோடா இருக்குன்னும் வாசிச்சேன்.

நான் ரேஸ் ஓடுற ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமைல நானுஓயா வழியா ஏறி, நுவரெலியாவில ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு இறங்குவேன். ஏத்தத்துக்குப் பயமில்ல. பழைய ஊர், கோட்டை, தேவாலயம் பார்க்கணும், ராத்திரி படுக்க ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். சைக்கிளை இங்கிருந்து கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்கிறதா? போனவங்க சொல்லுங்க.

கந்தப்பளை லீக்ஸ்:

தம்பி, ட்ரியெஸ்தேயில ஹோட்டல் குசினியில வேலை செஞ்ச காலத்தில லீவு கிடைச்சா நான் மிதிச்சது அந்த ரோட்டிலதான். இப்போ ஊரோட வந்து தோட்டம் செய்றேன், மழை விடல, அதனால நீளமாவே எழுதுறேன்.

அதுக்குப் பேர் பரென்சானா. ட்ரியெஸ்தேயிலிருந்து பொரெச் வரைக்கும் 123 கிலோமீட்டர் லைன். 1902இல ஆஸ்திரியா ஆட்சியில போட்டாங்க, 1935இல இத்தாலி ஆட்சியில மூடிட்டாங்க. தண்டவாள அகலம் 760 மில்லிமீட்டர். நம்ம நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா இராகலைக்கு ஓடின சின்ன ரயில் ஞாபகம் இருக்கா? அது 2 அடி 6 அங்குலம், அதாவது 762. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! அவங்க மூணு நாடு சேர்ந்து அந்த லைனை சைக்கிள் ரோடாக்கி வச்சிருக்காங்க. நம்ம லைன் எந்தப் பக்கமா போச்சுன்னு காட்டணும்னா எங்க ஊர்ல வயசாளிங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும். பேசினா எனக்கு ஆத்தாமை வரும், விடு.

நீராவி எஞ்சின் செங்குத்தா ஏறாது, அதனால மலையைச் சுத்திச் சுத்தி பாதை போட்டிருக்கான். லைன்லயே உசரமான இடம் க்ரோஷ்னியான் பக்கம், அதுவே 300 மீட்டருக்குக் கீழ. நானுஓயா ஸ்டேஷன் 1,600 மீட்டருக்கு மேல. நீ ஏறுற ஏத்தத்துக்கு இதெல்லாம் கணக்கிலயே வராது.

ஆனா ஒண்ணு. நம்ம பக்கம் ரயிலும் ரோடும் போற இடத்தில டவுன் வந்திச்சு, தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற லயம் மலைக்கு மேல. ஹப்புத்தளை மாதிரி ஒண்ணு ரெண்டை விட்டா எல்லாம் அப்படித்தான். அங்க தலைகீழ். ரயில் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாலயே ஊர் இருக்கு, அதுவும் குன்று உச்சியில. கீழ ஆத்துப் பள்ளத்தில எதிரி வருவான், மலேரியாவும் வரும், அதனால மேல ஏறி மதில் கட்டிக்கிட்டாங்க. ஸ்டேஷன் கீழ, ஊர் மேல. நாள் பூரா சுகமா மிதிச்சிட்டு வந்து, மூட்டையோட கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர்லதான் வேர்க்கும். குரோஷியாவில இருக்கிற மோத்தொவுன் அப்படித்தான்: மிர்னா ஆத்துப் பக்கத்திலிருந்து 277 மீட்டர் உசரத்துக்குப் போகணும், கடைசியில கல் பாவின தெரு, இறங்கித் தள்ளு. வாசல்ல வெனிஸ்காரனோட சிறகு முளைச்ச சிங்கம் இருக்கும். 1278லிருந்து 1797 வரைக்கும் அவன் கையில இருந்த ஊர். அங்கேயே ராத்திரி தங்கு. பஸ்ல வர்ற கூட்டம் சாயங்காலம் இறங்கிடும், அப்புறம் மதில்மேல சுத்தி நடக்கலாம், கீழ திராட்சைத் தோட்டம் வரிவரியா தெரியும்.

ஸ்லொவேனியா பக்கம் பெரும்பாலும் தார், கடலோரமா கோப்பர், இசோலா, போர்த்தொரோஷ். 500 மீட்டருக்கு மேல நீளமான டனல் ஒண்ணு இருக்கு, வெயில்ல இருந்து உள்ள நுழைஞ்சதும் முழங்கால் சில்லிடும். குரோஷியாவுக்குள்ள போனா கிரவல். வெள்ளைச் சுண்ணாம்புக்கல், சில இடத்தில கையளவு கல்லு. அந்தத் தூசி செயின் எண்ணெயில ஒட்டி பரோட்டாவுக்கு மாவு தூவின மாதிரி ஆயிடும். கந்தைத் துணி ஒண்ணு வச்சுக்க. 28 மில்லிமீட்டர் அகல டயரெல்லாம் சரிவராது, 38 அல்லது 40 போடு. லைட்டும் வேணும், சின்ன டனல்கள் இன்னும் வரும்.

சாப்பாட்டை மட்டும் யோசிச்சுப் போ. 2023 ஜூலையிலிருந்து குரோஷியாவில ஒரு கடை வருஷத்துக்கு 16 ஞாயித்துக்கிழமைதான் திறக்கலாம்னு சட்டம். சனிக்கிழமையே பாணும் சீஸும் வாங்கிப் பையில போட்டுக்க.

பலெர்மோ கண்ணன்:

நான் யாழ்ப்பாணத்தான், ஆனா இத்தாலிக் கதை எண்டபடியால் வாறன். போர்த்தொரோஷ் தாண்டினதும் செச்சோவ்லியே உப்பளம் வரும், அதைச் சொல்லாமல் விட்டிட்டியள் அண்ணை. இப்பவும் பழைய முறையில உப்பு வாருகினம். ஆனையிறவு ஞாபகம் வரும், நிண்டு பாருங்கோ.

சிசிலியையும் யோசியுங்கோ தம்பி. நோத்தோ, ரகூசா, மோதிக்கா எல்லாம் 1693 பூமியதிர்ச்சியில விழுந்து திரும்பக் கட்டின ஊருகள், ஒரே நிறக் கல்லு, பின்னேர வெயிலில பாக்கோணும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில ஒருத்தரும் வரவேண்டாம். 2021 ஆகஸ்டில சிராகூசா பக்கம் 48.8 பாகை அடிச்சது, ஐரோப்பாவிலேயே அதுதான் ஆகக்கூடின வெப்பம். செப்டம்பர் கடைசி எண்டால் பயமில்லை.

இன்னொண்டு. இத்தாலியில பிராந்திய ரயிலில சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏத்தலாம். சைக்கிள் படம் போட்ட பெட்டியைப் பாத்து ஏறுங்கோ. வேக ரயிலில கழட்டிப் பையில போட்டால்தான் விடுவினம்.

பண்டாரவளை டீச்சர்:

எல்லாரும் டஸ்கனியை ஓரங்கட்டிட்டீங்களே! எங்க வீட்டுக்காரரும் நானும் அங்கதான் போனோம், அதனால சொல்றேன். காயோலே இன் கியாந்தியில தொடங்கி அங்கேயே முடியிற மாதிரி 209 கிலோமீட்டர் வட்டப் பாதைக்கு போர்டு போட்டு வச்சிருக்காங்க. 1997லிருந்து நடக்கிற லெரோயிக்கா பழைய சைக்கிள் ஓட்டத்தோட பாதை அது. ஓர்ச்சா பள்ளத்தாக்கு 2004லிருந்து உலக மரபுரிமை. சைப்ரஸ் மரம் வரிசையா நிக்கிற அந்தக் காட்சி பொய்யில்ல, நிஜமாவே அப்படித்தான் இருக்கு.

ஆனா லீக்ஸ் அண்ணன் சொன்ன உச்சி ஊர்க் கதை அங்க இன்னும் மோசம். ரயில் பாதை இல்லாததால ரோடு ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். நம்ம பக்கம் துரைமார் போட்ட ரோடு மாட்டுவண்டிக்காகச் சுத்திச் சுத்தி ஏறும், ஒரே சீரா மிதிக்கலாம். அங்க கிரவல் குன்றுல நேரா மேல விட்டிருப்பாங்க. கியர் சின்னதா இல்லைன்னா இறங்கித் தள்ளணும். செப்டம்பர் கடைசி திராட்சை அறுவடை வேற, அறை விலை கூடும், முன்னாலயே பிடிச்சிடுங்க.

தலவாக்கலை பொடியன்:

ரொம்ப நன்றி அண்ணே, டீச்சர். ரயில் பாதைதான்னு மனசுக்குப் பட்டிடுச்சு, 762ஐ வாசிச்சதும் முடிவு பண்ணிட்டேன். மூணு நாடுன்னா மூணு விசாவா? பொரெச்சிலிருந்து எப்படித் திரும்புறது?

கந்தப்பளை லீக்ஸ்:

ஒரே ஷெங்கன் விசா போதும், அது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. குரோஷியா 2023 ஜனவரி 1இல உள்ள வந்திடுச்சு, காசும் யூரோதான். ஆனா பாஸ்போர்ட்டை அறையில விட்டுட்டுப் போயிடாத. 2023 அக்டோபர்ல இத்தாலி அந்த ஸ்லொவேனியா எல்லையில திரும்ப செக் பண்ணத் தொடங்கிச்சு, நம்ம நிறத்தைப் பார்த்தா கட்டாயம் மறிப்பாங்க.

பொரெச்சில ரயில் இல்ல. பஸ்ல சைக்கிள் ஏத்துறது டிரைவர் மனசைப் பொறுத்தது. உனக்கு நாள் இருந்தா அதே வழியில திரும்பி மிதி, போகும்போது ஏறாம விட்ட ஊர்ல தங்கலாம். பொரெச்சில ஆறாம் நூற்றாண்டு தேவாலயம், எவுஃப்ராசியஸ் பசிலிக்கா, உள்ள தங்க மொசைக், அதுக்கு ஒரு காலை ஒதுக்கு.

சைக்கிள் அங்கயே வாடகைக்கு எடு. பிளேன்ல பெட்டி கட்டி அனுப்புற காசும் தொல்லையும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். உன் சீட்டை மட்டும் கழட்டி பேக்ல போட்டுக் கொண்டு போ, வாடகை சைக்கிள் சீட்டு கிரவல்ல கொன்னுடும்.