ஸ்கார்பரோவுக்குத் தனி மேயர் இருந்தாரா? டொராண்டோ வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேரடி_திருவொற்றியூர்:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா கல்யாணமாகி கனடாவில் ஸ்கார்பரோ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன வாரம் பேசும்போது, "இது முன்னாடி தனி ஊருடா, இதுக்குன்னே ஒரு மேயர் இருந்தாராம், அப்புறம்தான் டொராண்டோவோட சேர்த்துட்டாங்க" என்றாள். கேட்டதும் எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. தெருவில் ஏதாவது பிரச்சினை என்றால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே நகராட்சி ஆபீஸ் போய் சேர்மனைப் பார்த்துவிட்டு வருவார். சேர்மனுக்கு எங்கள் தெரு தெரியும், அப்பாவையும் தெரியும்.

டொராண்டோ மேயர் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். இப்போதைய மேயர் ஒலிவியா சௌ 66-வது ஆள் என்று இருக்கிறது. ஆனால் ஸ்கார்பரோ மேயர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. அவர்கள் யார், அந்தப் பதவி எப்போது போனது, சேர்த்தபோது ஜனங்கள் ஒத்துக்கொண்டார்களா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ:

தம்பி, உங்கள் அக்கா சொன்னது சரிதான். என் மகன் அங்கே இருக்கிறான், இரண்டு தடவை போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன். பனிக்காலத்தில் பகல் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை வைத்து எழுதுகிறேன்.

1834-இல் யார்க் என்ற சின்ன ஊர் டொராண்டோ நகரமானது. முதல் மேயர் வில்லியம் லயன் மெக்கென்சி, பத்திரிகை நடத்தியவர். மூன்றே வருஷத்தில், 1837-இல், அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, அது தோற்றதும் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். நீங்கள் பார்த்த 66 பேர் பட்டியல் இவரில் ஆரம்பிக்கிறது. 1997 வரை அது நடு நகரத்தின் பட்டியல் மட்டுமே. சுற்றியிருந்த ஊர்களுக்கு வேறு வேறு வரிசை உண்டு.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் புறநகர்களில் வீடுகள் மளமளவென்று பெருகின, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போடப் பணமில்லை. அதனால் 1954-இல் டொராண்டோவையும் சுற்றியிருந்த 12 ஊர்களையும் ஒரு பொதுக் குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். மெட்ரோ டொராண்டோ என்று பேர். ஊர்கள் அப்படியே இருந்தன, ஊருக்கு ஊர் மன்றமும் இருந்தது. குடிநீர், பெரிய சாலை மாதிரி செலவு பிடிக்கிற வேலைகளை மட்டும் மெட்ரோ பார்த்துக்கொண்டது. அதன் முதல் தலைவர் ஃபிரெடரிக் கார்டினர். ஏரிக்கரையோரம் ஓடும் பெரிய சாலைக்கு அவர் பெயர்தான்.

1967-இல் அந்த 13-ஐ 6 ஆக்கினார்கள்: டொராண்டோ, நார்த் யார்க், ஸ்கார்பரோ, எடோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க். அதுவரை ஸ்கார்பரோ தலைவருக்கு ரீவ் என்று பேர், நம்ம பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ரீவாக இருந்த ஆல்பர்ட் கேம்பெல்தான் ஸ்கார்பரோவின் முதல் மேயர். அக்கா வீட்டுப் பக்கம் சிவிக் சென்டர் இருக்கிறதே, அதன் முன்னால் உள்ள சதுக்கம் அவர் பெயரில் இருக்கிறது. அப்புறம் கஸ் ஹாரிஸ் பத்து வருஷம் இருந்தார். 1988-இல் ஜாய்ஸ் ட்ரிம்மர், அங்கே முதல் பெண் மேயர். கடைசி மேயர் ஃபிராங்க் ஃபாபர்ட். 1998 ஜனவரி 1 அன்று ஆறும் ஒன்றானது, ஆறு மேயர் பதவியில் ஐந்து காணாமல் போனது.

ஜனங்கள் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டீர்கள். இல்லை. 1997 மார்ச்சில் ஆறு ஊர்களிலும் வாக்கெடுப்பு வைத்தார்கள், சுமார் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். அது மாகாண அரசைக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு. செலவு குறையும் என்று சொல்லி, மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு சட்டம் போட்டுச் சேர்த்துவிட்டது. எனக்கு இதுதான் ரொம்ப நாள் மனதில் நின்றது. ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்ப்பதா என்பதை அந்த ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் என்று 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தபோது நம்மிடம் அப்படி ஒரு வாக்கெடுப்புகூட இல்லை.

வியாசர்பாடி_வாசகி:

லோகோ ஐயா சொன்ன விவரங்கள் சரி, ஆனால் பதவி காணாமல் போனதோடு கதை முடியவில்லை. சேர்த்ததும் புறநகர் அழிந்துபோகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள், நடந்தது நேர்மாறு. 1997 கடைசியில் பெரிய நகரத்துக்கு நடந்த முதல் மேயர் தேர்தலில் டொராண்டோவின் மேயராக இருந்த பார்பரா ஹால் தோற்றார். ஜெயித்தவர் மெல் லாஸ்ட்மன், 25 வருஷம் நார்த் யார்க் மேயராக இருந்தவர். வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்து மேலே வந்தவர். இணைப்பை எதிர்த்தவரும் அவர்தான், இணைந்த நகரத்தின் முதல் மேயரும் அவர்தான். 1999 ஜனவரியில் பனி கொட்டியபோது ராணுவத்தைக் கூப்பிட்டார், அதை இன்றுவரை பேசுகிறார்கள். 2010-இல் ராப் ஃபோர்ட் ஜெயித்ததும் அப்படித்தான். அவர் எடோபிகோ ஆள், நடு நகரம் வேறொருவருக்கு ஓட்டுப் போட, ஸ்கார்பரோவும் எடோபிகோவும் அவரை மேலே ஏற்றின.

ஆகவே ஓரத்தில் இருப்பவர்களுக்கு எண்ணிக்கை ஒரு பலம். நம்ம ஊரில் 2022-இல் மேயரான பிரியா ராஜன் திரு.வி.க. நகர் பக்கத்துப் பெண், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். ரிப்பன் மாளிகைக்கு வட சென்னையிலிருந்து ஒருத்தி போனதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பெண் மேயர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ நகரத்துக்கு முதல் பெண் மேயர் ஜூன் ரோலண்ட்ஸ் 1991-இல்தான் வந்தார். பக்கத்துச் சின்ன ஊரான ஈஸ்ட் யார்க்கில் ட்ரூ டேவிட்சன் என்ற முன்னாள் ஆசிரியை 1967-லேயே மேயர். சென்னைக்கு தாரா செரியன் 1956-லேயே வந்துவிட்டார்.

எனக்குக் கவலை தருவது வேறு. 2018-இல் தேர்தல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே டொராண்டோ கவுன்சிலில் 47 வார்டு என்று இருந்ததை மாகாண அரசு 25 ஆக்கியது. ஒரு கவுன்சிலருக்கு லட்சத்துக்கு மேல் ஜனம். தேரடி சொன்னாரே, "சேர்மனுக்கு எங்கள் தெரு தெரியும்" என்று, அது லட்சம் பேருக்கு ஒருவர் என்றால் எப்படி முடியும்? சென்னையில் 200 வார்டு இருக்கிறது, அதைக் குறைக்க யார் வந்தாலும் நாம் விடக்கூடாது.

எண்ணூர்_முகத்துவாரம்:

டொராண்டோவோடு சேராத புறநகர் ஒன்றும் இருக்கிறது, மிசிசாகா. ஹேசல் மெக்காலியன் அங்கே 1978 முதல் 2014 வரை, 36 வருஷம் மேயர். அதற்கு முன்னால் ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு மேயர், 1974-இல் அதை மிசிசாகாவோடு சேர்த்தபோது கடுமையாக எதிர்த்தவர்.

பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1979 நவம்பர் 10 ராத்திரி ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் அவர் ஊரில் தடம் புரண்டு வெடித்தது, குளோரின் கசிந்தது. 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டு நொண்டியபடியே வந்து ஜனங்களுக்கு நிலைமை சொன்னார் அந்த அம்மா. 2023 டிசம்பரில் பெரியகுப்பத்துப் பக்கம் அமோனியா கசிந்த ராத்திரி, வாயில் ஈரத்துணி கட்டி அம்மாவையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியவன் நான். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு குரல் இருந்தால் போதும் என்றுதான் அன்றைக்கு இருந்தது. மேயர் என்றால் எனக்கு அவர்தான். 2023 ஜனவரியில், 101 வயதில் காலமானார்.

தேரடி_திருவொற்றியூர்:

லோகோ ஐயா, வாசகி அக்கா, எண்ணூர் அண்ணே, மூன்று பேருக்கும் நன்றி. பட்டியலில் ஏன் ஸ்கார்பரோ இல்லை என்பது இப்போது புரிகிறது. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், 76 சதவீதம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். அக்காவிடம் கேம்பெல் சதுக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாளாம். வந்ததும் இங்கே போடுகிறேன்.