மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை: ஸ்டென்ட்டா, பைபாஸா?

கேள்வி1: 62 வயது, சர்க்கரை நோய், மூன்று இதய ரத்தக்குழாய்களிலும் அடைப்பு, சின்டாக்ஸ் மதிப்பெண் (அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்ற கணக்கு) 29. ஸ்டென்ட்கள் இவ்வளவு முன்னேறிய பிறகும் நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டுமா?

தையல்நூல்: சர்க்கரை என்றதுமே பாதி விடை வந்துவிட்டது. 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் 1,900 பேரும் சர்க்கரை நோயாளிகள். 5 ஆண்டில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஸ்டென்ட்டில் 26.6%, பைபாஸில் 18.7%. ஸ்டென்ட் தான் இருக்கும் இடத்தை மட்டும்தான் காக்கும். இடது உள்மார்புத் தமனியை எல்ஏடியின் (இதயத்தின் முன்பக்க முக்கியக் குழாய்) நடுவில் தைத்தால், அதற்கு மேலே நாளைக்கு வரப்போகும் அடைப்பையும் தாண்டி ரத்தம் போகும்.

பலூன்: அதே ஆய்வில் பக்கவாதம் பைபாஸில் 5.2%, ஸ்டென்ட்டில் 2.4%. அதை மட்டும் ஏன் சார் விட்டுவிட்டீர்கள்? அங்கே வைத்தவை பெரும்பாலும் முதல் தலைமுறை மருந்து பூசிய ஸ்டென்ட்கள். எஃப்எஃப்ஆர் (அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்) பார்த்து 0.80 அல்லது அதற்குக் கீழே உள்ள அடைப்புக்கு மட்டும் புதிய ஸ்டென்ட் வைத்த ஃபேம் 3 ஆய்வில், 5 ஆண்டு முடிவில் அதே மூன்றும் சேர்த்து 16%, பைபாஸில் 14%. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

தையல்நூல்: ஃபேம் 3இல் சர்க்கரை நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. பக்கவாதத்துக்கு வருகிறேன்: சுண்ணாம்பு படிந்த மகாதமனியில் கிளாம்ப் (இறுக்கும் கவ்வி) போடுவது ஒரு முக்கியக் காரணம். அதன் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, படிவு இருந்தால் மகாதமனியைத் தொடாமல், இதயம் துடிக்கும்போதே தைக்கலாம்.

பலூன்: ஸ்டென்ட் தோற்பதற்கும் அப்படியொரு காரணம் உண்டு. சுண்ணாம்பை உடைக்காமல் வைத்தால் அது முழுதாக விரியாது. ஓசிடியில் (குழாய்க்குள் ஒளி செலுத்தி எடுக்கும் படம்) படிவு பாதிச் சுற்றுக்கு மேல், 0.5 மி.மீ. தடிப்பு, 5 மி.மீ. நீளம் தாண்டினால் முதலில் ரோட்டா (சுண்ணாம்பைச் சுரண்டும் சுழல் கருவி) அல்லது சுண்ணாம்பை உடைக்கும் அதிர்வலை பலூன். ரோட்டாவின் சுழல்முனை (பர்) குழாய் விட்டத்தில் பாதி போதும். பெரிதாகப் போட்டால் கிழியும். ஆஞ்சியோ படத்தை மட்டும் நம்பி முடிப்பவர்கள்தான் ஸ்டென்ட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

தையல்நூல்: இதில் சண்டையில்லை. ஆனால் 29 மதிப்பெண்ணோடு சர்க்கரையும் இருந்தால், என் பைபாஸ் பக்கம்தான் தராசு சாயும்.

ஈசிஜி: இருவரும் கேட்காதது: கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, நுரையீரல் எப்படி, அடைப்புக்குக் கீழே குழாய் எவ்வளவு அகலம்? 1.5 மி.மீ.க்கும் குறைவென்றால் தைப்பது கடினம். க்ளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுக்கிறாரா? எடுத்தால், அவசரமில்லாத பைபாஸுக்கு 5 நாள் முன்பே நிறுத்த வேண்டும்.