செல் குரூப்பில் மனம் திறந்து பேச முடிகிறதா?

ஒலிவக்கிளை கேட்டது:
எங்கள் சபையில் வியாழன்தோறும் ஒரு வீட்டில் செல் குரூப் கூடுகிறோம், பத்துப் பன்னிரண்டு பேர். பாட்டு, வேதபாடம், ஜெபக்குறிப்பு, டீ, முறுக்கு. குறிப்பு கேட்டால் மகனுக்கு விசா, அக்காவுக்கு வரன், மாமாவுக்குச் சர்க்கரை என்று வரும்; "எனக்கு ஜெபிக்கவே மனம் வரவில்லை", "தம்பியை மன்னிக்க முடியவில்லை" என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஞாயிறு ஆராதனையே இன்னொரு தடவை நடக்கிற மாதிரி இருக்கிறது. இதில் ஆவிக்குரிய வளர்ச்சி எங்கிருந்து வரும்? உங்கள் குழுக்களில் எப்படி?

பழைய மெதடிஸ்ட்:
வேதபாடத்தை இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள், சகோதரரே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கிளாஸ் மீட்டிங் (சிறு குழுக் கூட்டம்) ஆரம்பித்ததே கடன் அடைக்கத்தான். 1742-ல் பிரிஸ்டலில் கூடுமிடம் கட்டிய கடன் நின்றது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று பேசி, பன்னிரண்டு பேருக்கு ஒருவராகத் தலைவர்கள் வீடு வீடாக வசூலுக்குப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் குடித்திருக்கிறார். வெஸ்லி இதை விடாமல் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாராவாரம் கூடி ஒவ்வொருவரிடமும் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதே வழக்கமாகிவிட்டது. பாவ அறிக்கைக்கு இதைவிடச் சிறிய 'பேண்ட்' குழுக்கள், ஆண்கள் தனி, பெண்கள் தனி; அதற்கான விதிகளை 1738-லேயே எழுதியிருந்தார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொன்னதைச் செய்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருக்கும் ஹாலில் யார் மனதைக் கொட்டுவார்?

மொட்டைமாடி:
பயம்தான் காரணம். எங்கள் பழைய குழுவில் ஒரு அக்கா மகனின் கடனைச் சொல்லி அழுதார், "ஜெபிச்சுக்கோங்க" என்ற பெயரில் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடகர் குழு வரை போய்விட்டது. அவர் திரும்ப வரவேயில்லை. இப்போது நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் கூடுகிறோம், இங்கே பேசியது வீட்டுக்காரருக்குக்கூடப் போகாது. போன வாரம் சொன்னது என்ன ஆச்சு என்று கட்டாயம் கேட்போம். மாமியாரோடு பேச்சை நிறுத்தியிருந்த ஒருத்தியிடம் (அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்) வாராவாரம் "பேசினியா?" என்று கேட்டோம். ஒரு நாள், "காபி போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க" என்றாள். பிரசங்கம் கேட்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருப்பவள்தான் நானும், ஆனால் அந்தக் காபி அளவுக்கு எதுவும் என்னை அசைக்கவில்லை.

அன்பியத்துக்காரர்:
நான் கத்தோலிக்கன். பெரிய கூட்டத்தை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் பங்குக் குழு) நற்செய்தி வாசித்துப் பகிர்வோம், பகிர்வு மேலோட்டமாகவே போகிற வாரங்கள் நிறைய. ஆனால் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாற்காலி போடுவதும், ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருப்பதும் இவர்கள்தான். அப்படிக் கூட இருந்தவர்களிடம்தான் பிறகு வாய் திறக்கிறது.

ஒலிவக்கிளை:
வியாழன் கூட்டம் இருக்கட்டும். சின்னக் குழுவாகத் தனியே கூடலாமா என்று அதிலேயே இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருவர் சரி என்றார். பாஸ்டரிடம் சொல்ல வேண்டுமா?

பழைய மெதடிஸ்ட்:
கூடுவதைச் சொல்லுங்கள், பிரிந்து போகிறார்கள் என்ற பேச்சு வராது. உள்ளே பேசியதைச் சொல்ல வேண்டாம்.